மற்குடியும் மற்களமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்குக் குடிவழித் தொழில் என்பது ஏட்டிலே மாத்திரம் காணும் செய்தியன்று. பிரட்றிக் கோட்டையைக் கடந்து கோணேசர் மலைக்கு ஏறும் எவரும் அதன் தடத்தின் மீதே நடக்கின்றனர். குளக்கோட்டன் என்னும் மன்னன் கடலுக்கு அப்பாலிருந்து குடிகளை அழைத்துவந்தான் என்றும், அவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் என வகுத்து ஒவ்வொரு பகுதியார்க்கும் உரிய கோயிற்றொழும்பை விதித்தான் என்றும் கவிராசவரோதயனின் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டுக் கூறும். தந்தை செய்த தொழும்பை மகன் செய்தான். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்தழித்த பின்னரும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயத்திலே அம்முறை தொடர்ந்தது. கோயில் அழிந்தபோதும் தொழும்பு அழியவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. விளக்கேற்றுதலும் மாலை தொடுத்தலும் தந்தையிடமிருந்து மகனுக்கு இடையூறின்றிச் செல்லக்கூடியவை. அப்பணிகளிலே எதிரி எவனும் இல்லை. மற்போரோ அத்தகையதன்று. அங்கே எதிரே நிற்பவன் ஒருவன் உளன். அவன் தன் முன் நிற்பவனின் பாட்டனார் பெயரைக் கேட்டுத் தன் பிடியைத் தளர்த்துவதில்லை. அவ்வாறாயின், மல்லனின் மகன் மல்லனாதல் எங்ஙனம்? குடிப்பிறப்பு ஒருவனுக்குக் களத்திலே எதனைத் தரும், எதனைத் தராது? மற்போரைத் தம் குடித்தொழிலாகக் கொண்ட சில குடும்பங்களின் வரலாற்றை நோக்கி இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலே நமது இலக்கியத்தை நோக்குவோம். சங்க இலக்கியத்திலே மற்போர் பற்றிய சிறந்த சான்று புறநானூற்றின் 80 முதல் 85 வரையான பாடல்களிலே கிடைக்கின்றது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூரின் மல்லனோடு பொருது வென்றான். அப்போரைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களிற் பாடினார். அவன்மீது காதல் கொண்ட நக்கண்ணையார் பிற மூன்று பாடல்களைப் பாடினார். கிள்ளியின் தந்தை உறையூர்த் தித்தன். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பகைமை இருந்தது என்பது மரபு. இந்தப் பின்னணியிலே, தந்தை விரும்பினும் விரும்பாவிடினும் தன் மகன் மல்லனை வென்று நிற்கும் நிலையை ஒருமுறை காணவேண்டும் எனச் சாத்தந்தையார் வேண்டுவது நம் உள்ளத்தைத் தொடுகின்றது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கிள்ளி மல்லர் குடியிலே பிறந்தவனல்லன். அவனுக்குத் தந்தையின் துணையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவனுடைய போரின் விரைவுக்குப் புலவர் காட்டும் உவமையோ ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஊசியாகும். ஊரிலே விழா தொடங்கிவிட்டது. வீட்டிலே மனைவி பேற்று நோவிலே கிடக்கின்றாள். மாலை மழையும் பெய்கின்றது. அந்நேரத்திலே கட்டில் பின்னி முடிக்க விரையும் ஒருவனின் ஊசியைப் போல அப்போர் விரைந்ததாம். குடித்தொழிலாளியின் கைத்திறனைக் குடித்தொழில் அல்லாத ஒன்றிலே வென்ற அரசகுமாரனுக்கு உவமையாக்கிய புலவரின் பார்வை, திறன் என்பது பழக்கத்தினால் வருவது என்னும் உண்மையை உணர்ந்த பார்வை எனலாம்.

அகநானூற்றின் 386ஆம் பாடலிலே பரணர் மற்றொரு காட்சியைக் காட்டுகின்றார். பாணன் என்னும் வீரனோடு பொருத ஆரியப் பொருநன் தோள் முறிந்து வீழ்ந்தான். அது கண்டு கணையன் நாணினான். வீழ்ந்தவன் மல்லன், நாணியவன் அவனைச் சார்ந்து நின்ற தலைவன். மற்போர் இருவர் உடல்களுக்கு இடையிலான போட்டியாயினும், அதன் வெற்றி தோல்வி பிறர் மானத்தையும் பற்றியது என்பதை இப்பாடல் உணர்த்துகின்றது. பின்னர், 7ஆம் நூற்றாண்டிலே பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பட்டத்தைத் தாங்கினான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றது. ஆக, நமது பழைய சான்றுகளிலே மல்லன் என்பது பெரும்பாலும் ஒருவன் தன் தோள்வலியால் ஈட்டிய பெயராகவே தோன்றுகின்றது.

மற்போர் குடித்தொழிலாக அமைந்த தெளிவான வரலாற்றைக் காண நாம் குஜராத்துக்கும் கன்னட நாட்டுக்கும் செல்லவேண்டும். ஜ்யேஷ்டி மல்லர் எனப்படும் வகுப்பினர் மோதேரா என்னும் ஊரைத் தம் பூர்வீகமாகக் கொள்வர். 'மல்ல புராணம்' என்னும் வடமொழி நூல் அவர்களுடைய தொழில் நூலாகவும் குல நூலாகவும் விளங்குகின்றது. கண்ணனே அவ்வூர்ப் பிராமணர்க்கு மற்கலையைக் கற்பித்தான் என்பது அந்நூலின் கூற்று. பயிற்சி, உணவு, பருவம், மல்லரின் தரம் ஆகியனவும் அதிலே பேசப்படுகின்றன. 1964இல் பரோடாவிலிருந்து இந்நூல் அச்சிலே வெளிவந்தது. இதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாச'மும் மல்லரைத் தரம் பிரித்து, அவர்களை அரசன் எவ்வாறு பேணிப் போர் செய்விக்கவேண்டும் எனக் கூறுகின்றது. கன்னட, தெலுங்கு நாடுகளிலே வழங்கும் 'ஜெட்டி' என்னும் பெயர் ஜ்யேஷ்டி என்பதன் திரிபாகும்.

விசயநகரத்தின் மகாநவமி விழாவை 1520 அளவிலே கண்ட போர்த்துக்கேயப் பயணி தொமிங்கோ பாயிஸ், அங்கு நடைபெற்ற மற்போர் தம் நாட்டுப் போர் போன்றதன்று என்றும், பல் உடையவும் முகம் சிதையவும் குத்துகள் விழுந்தன என்றும் எழுதினார். விசயநகரம் வீழ்ந்த பின் அவ்விழாவை மைசூர் உடையார்கள் தமதாக்கிக் கொண்டனர். 1610இல் ஸ்ரீரங்கபட்டணத்தைக் கைப்பற்றிய இராஜ உடையார் அங்கே தசரா விழாவைத் தொடக்கிவைத்தார் என்பர். விழாவோடு அதன் மல்லரும் தொடர்ந்தனர். விசயதசமியன்று அரண்மனை முற்றத்திலே நடைபெறும் 'வச்சிரமுட்டி' என்னும் போர் ஜெட்டிக் குடும்பங்களுக்கே உரியது. மைசூர், பெங்களூர், சன்னபட்டணம், சாமராசநகர் ஆகிய ஊர்களின் குடும்பங்களிலிருந்து இளைஞர் தெரிவு செய்யப்படுவர். தலையை மழித்து, தந்தத்தாலோ கொம்பாலோ ஆன முள்ளுடைய கருவியை விரல்களிலே பூட்டி அவர்கள் பொருதுவர். எவரேனும் ஒருவர் தலையிலிருந்து குருதி சிந்தியவுடன் போர் நிறுத்தப்படும். பல திங்கள் பயிற்சி ஒரு சில கணங்களிலே முடிந்துவிடும்.

இது மற்குடும்பத்தினர்க்கென்றே வகுக்கப்பட்ட போட்டியாகும். இங்கே எதிரெதிரே நிற்கும் இருவரும் மற்குடியினரே. எனவே குடிப்பிறப்பு இருவர்க்கும் நுழைவாயில். எவர்க்கும் அது அனுகூலமன்று. பிறப்பு வாயிலைத் திறந்தது. அதன்பின் நிகழ்ந்ததைப் பழக்கமும் மனத்துணிவும் தீர்மானித்தன. இதனை நாம் மறத்தலாகாது.

இம்மல்லர்களின் ஒரு பிரிவினர் நமது தஞ்சையிலும் வாழ்ந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. 1909இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தம் பெருந்தொகுதியிலே எட்கார் தேர்ஸ்டன் இவர்களைக் குறிப்பிடுகின்றார். தமிழ்ச் சூழலிலே வாழ்ந்தும் தெலுங்கு பேசிய தஞ்சை ஜெட்டிகள் பூணூல் அணிந்தனர்; மராத்திய மன்னரின் கருவூலத்தையும் அணிகலக் களஞ்சியத்தையும் காவல் புரிந்தனர். தஞ்சையின் இறுதி மன்னன் சிவாஜி 1855இல் மறைந்தான். அதன் பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் மைசூருக்கும் பிற சமஸ்தானங்களுக்கும் பெயர்ந்து சென்றனர். ஒரு சிலரே கோட்டைக்குள் எஞ்சினர். தெலுங்கு மாவட்டங்களிலிருந்த அவர்தம் இனத்தார் தைலம் தேய்த்து நரம்பு நோவைப் போக்கும் தொழிலையும் செய்தனர் என அவர் எழுதுகின்றார்.

தஞ்சை ஜெட்டிகளின் கதை நமது வினாவுக்கு ஒரு பெரும் விளக்கமாகும். அவர்தம் குருதி 1855இல் மாறிவிடவில்லை. அவர்தம் தோள்களும் மெலிந்துவிடவில்லை. மாறியது யாது? அவர்க்குச் சோறிட்ட கை மறைந்தது. மல்லன் உழவனைப் போலத் தன் உணவைத் தானே விளைவிப்பவனல்லன். பாலும் நெய்யும் இறைச்சியும் பிறர் தரவேண்டும். நாள் முழுதும் பயிற்சி செய்யும் ஓய்வும் பிறர் தரவேண்டும். நிலமானிய சமுதாயத்தில் அரசன் அதனைத் தந்தான். அரசன் தந்தவரை அது குடித்தொழில். அவன் மறைந்ததும், ஒரு கலையின் எச்சம் வைத்தியமாய் விரலிலே தங்கியது. மற்றையது ஊர் விட்டு ஊர் பெயர்ந்தது. கோணேசர் கோயிற்றொழும்பு அழியாது தொடர்ந்தமைக்கும் இதிலே விளக்கம் உண்டு. தம்பலகாமத்திலே ஆலயம் மீண்டும் எழுந்தது. தொழும்புக்கு இடம் கிடைத்தது. தஞ்சையிலே அரசன் மீண்டும் எழவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு இணையான மரபு உண்டு. சிங்கள மக்களின் அங்கம்பொர என்னும் போர்க்கலையிலே மாருவல்லிய, சூதலிய என்னும் இரு பரம்பரைகள் பேசப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று போட்டியிட்ட ஆசிரியப் பரம்பரைகள். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டதும் அரச ஆதரவு அற்றுப்போக, அக்கலை கிராமங்களுக்குள்ளும் குடும்பங்களுக்குள்ளும் ஒடுங்கியது. தஞ்சையிலும் கண்டியிலும் நிகழ்ந்தது ஏறத்தாழ ஒன்றே.

அடுத்து, அண்மைக்கால வரலாற்றிலே பெரும்புகழ் பெற்ற ஒரு மற்குடியை நோக்குவோம். 'மாபெரும் காமா' என அழைக்கப்பட்ட குலாம் முகமது 1878இல் அமிர்தசரசுப் பகுதியிலே பிறந்தார். தந்தை தத்தியா சமஸ்தானத்தின் மல்லர். ஆனால் காமா சிறுவனாயிருந்தபோதே தந்தை இறந்தார். முதலிலே தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமனாரும் அவரைப் பயிற்றினர். இங்கே குடும்பம் என்பது தந்தையின் குருதியாக அன்றி, ஓர் ஆசிரியன் விழுந்த இடத்திலே மற்றோர் ஆசிரியன் வந்து நிற்கும் ஏற்பாடாகவே விளங்குகின்றது. 1910இல் காமாவும் அவருடைய தம்பி இமாம் பக்சும் இலண்டன் சென்றனர். போலந்து நாட்டு மல்லர் ஸ்தனிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்தே காமாவைத் தடுத்தார்; மறு வாரம் நடைபெறவிருந்த போட்டிக்கு அவர் வரவில்லை. 1928இல் பட்டியாலா மன்னரின் ஆதரவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோ வீழ்த்தப்பட்டார்.

1947இன் பிரிவினையோடு காமாவின் குடும்பம் பாக்கிஸ்தானுக்கு உரியதாயிற்று. அங்கே மல்லரைப் பேணிய மன்னர் இலர். இமாம் பக்சின் மக்களான போலு சகோதரர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வரும் மக்களை நம்பிக் கோதாவில் இறங்கினர். காமா 1960இல் லாகூரில் மறைந்தார். 1976இல் கராச்சியிலே ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியிடம் அக்ரம் தோற்றார். ஒரு குடும்பத்தின் தோல்வியாக அன்றி ஒரு நாட்டின் தோல்வியாகவே அது கொள்ளப்பட்டது. கணையன் நாணியதை இங்கே நினைவுகூரலாம். மூன்று ஆண்டுகளின் பின் அஸ்லமின் மகன் ஜாரா லாகூரிலே இனோக்கியை எதிர்கொண்டார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இனோக்கி அவ்விளைஞரின் கையை உயர்த்திப் பிடித்தார். ஆனால் ஜாரா 1991இல், முப்பதை அண்மித்த வயதிலேயே இறந்தார். முன்னோர் ஈட்டிய பெயர் பின்னோர்க்கு ஊன்றுகோலாகலாம், சுமையாகவும் ஆகலாம். பெயரை மீட்கும் பொறுப்பு இருபது வயது நிரம்பாத ஓர் இளைஞன் தோளிலே ஏற்றப்பட்டதை எண்ணும்போது, குடிப்பெருமையை வாளா புகழ்ந்து செல்ல நமக்கு மனம் வருவதில்லை.

அரசனும் இல்லாது, நாட்டு மானமும் முன்நிற்காது, மற்குடிகள் தழைத்த இடம் ஒன்று உண்டு. அது மெக்சிக்கோ. 'லூச்சா லிப்ரே' எனப்படும் அந்நாட்டு மற்போரை 1933இல் சல்வதோர் லுத்தெரோத் ஒரு வணிக நிறுவனமாக்கினார். போரும் நாடகமும் கலந்த அக்கலையிலே மல்லர் பலர் முகமூடி அணிவர். 'சாந்தோ' என்னும் புகழ்பெற்ற மல்லர் 1942இல் வெள்ளி முகமூடி அணிந்து களமிறங்கினார். அவருடைய உடன்பிறந்தாரும் மல்லரே. 1984இல் இறந்தபோது அவர் முகமூடியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு இரு ஆண்டுகள் முன்னரே அவருடைய மகன் 'சாந்தோவின் மகன்' என்னும் பெயரோடும் அதே வெள்ளி முகமூடியோடும் களம் புகுந்திருந்தார்.

மெக்சிக்கோவிலே மன்னனின் இடத்தை மக்கள் கூட்டம் பிடித்தது. மானியத்தின் இடத்தை முகமூடி பிடித்தது. அங்கே பெயரும் முகமூடியும் சொத்து. சொத்தாதலால் அது மகனுக்கும் செல்லும், பிறர்க்கும் செல்லும். சாந்தோவின் பெரும் எதிரியாக விளங்கிய 'நீலப் பேய்' என்னும் மல்லரின் பெயரை ஏற்றவர் அவருடைய வளர்ப்பு மகன். குருதித் தொடர்பு சிறிதும் இன்றி, உரிமை பெற்று 'இன்னாரின் மகன்' என்னும் பெயரிலே களமிறங்கியோரும் உளர். மற்குடும்பத்தினர்க்கென்றே தனிப் போட்டிகளும் அங்கே நடத்தப்படுகின்றன. தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் இணைந்து வருவதை மக்கள் விரும்பிக் காண்கின்றனர். மைசூரிலே பிறப்புக் களத்தின் வாயிலாய் இருந்தது. மெக்சிக்கோவிலே அது கதையின் தொடக்கம். ஆயினும் முகமூடி அணிந்தவன் தானே துள்ளவேண்டும், தானே வீழவேண்டும். வெள்ளித்துணி எலும்பைக் காப்பதில்லை.

மற்குடி என்னும் கருத்தே ஆண்வழிக் கருத்தாக நெடுங்காலம் இருந்துவந்தது. அதனை உடைத்த நிகழ்ச்சி நம் காலத்திலே ஹரியானா மாநிலத்தின் பலாலி என்னும் சிற்றூரிலே நிகழ்ந்தது. மல்லர் மரபினரான மகாவீர் சிங் போகாட் தம் பெண்மக்களையும் தம்பியின் பெண்மக்களையும் களத்திலே இறக்கிப் பயிற்றினார். ஊரார் பழித்தனர். மூத்த மகள் கீதா 2010இல் டில்லியிலே நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டிலே தங்கம் வென்று, அவ்விளையாட்டின் மற்போரிலே தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். தம்பி மகள் வினேஷ் 2014, 2018, 2022 ஆகிய மூன்று பொதுநலவாய விளையாட்டுகளிலும் தங்கம் வென்றார். குடிவழக்கத்தைப் பின்பற்றியதனால் மட்டும் இப்பெண்கள் மல்லராகவில்லை. அவ்வழக்கத்தை அவர்தம் ஆசான் மீறியதனாலேயே மல்லராயினர்.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. மற்குடி எனப்பட்டது உண்மையிலே மூன்று பொருள்களின் சேர்க்கை: கற்பிக்கும் ஆசான், உணவளிக்கும் கை, போர் நிகழும் களம். பள்ளிக்கூடங்கள் இல்லாத காலத்திலே இம்மூன்றையும் ஒருங்கே வைத்திருக்க வல்ல அமைப்புக் குடும்பம் ஒன்றே. ஆதலால் மக்கள் அச்சேர்க்கையைக் குருதி எனப் பிழைபடக் கருதினர். தஞ்சையிலே உணவளித்த கை மறைந்தபோது குருதி உதவவில்லை. தந்தையை இழந்த காமாவுக்கு ஆசான் கிடைத்தமையாற் குடி தொடர்ந்தது. மெக்சிக்கோவிலே களம் நிலைத்தமையாற் குருதி இல்லாதவனும் மகனானான். பலாலியிலே ஆசான் துணிந்தமையாற் பெண்ணும் வாரிசானாள். கிள்ளிக்கோ குடியும் இல்லை. தந்தையின் அன்பும் இல்லை. களம் ஒன்றே இருந்தது.

குடிமுறையின் தீமையையும் மறைத்தலாகாது. அது ஒரு கலையைக் காத்த அதே வேளையிலே அக்கலையின் கதவைப் பிறர்க்கு அடைத்தது. ஆமூர் மல்லனை வென்ற கிள்ளி மைசூர் அரண்மனை முற்றத்துக்கு வந்திருப்பின், அவனுக்கு வச்சிரமுட்டி அணிய இடம் கிடைத்திராது.

இறுதியாக, தொடங்கிய இடத்துக்கே மீள்வோம். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களிலும் கிழக்கிலங்கையின் பிற தமிழ், முஸ்லிம் ஊர்களிலும் சிலம்பமும் சீனடியும் பயிலப்பட்டு வந்தன. அவற்றைக் கற்பிப்போரை மக்கள் அண்ணாவியார் என மதிப்போடு அழைப்பர். நாட்டுக்கூத்தைப் பழக்குபவர்க்கும் அதே பெயர்தான். அப்பெயரிலே பிறப்பு இல்லை. பழக்குதல் என்னும் செயலே உண்டு. அண்ணாவிமார் முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் எக்குடியிற் பிறந்தனர் என எழுதி வைப்பதோடு நமது ஆராய்ச்சி அமைந்துவிடலாகாது. எவரிடம் கற்றனர், எந்த மணலிலே பயின்றனர், அப்பயிற்சிக் காலத்திலே அவர்க்கு எவர் சோறிட்டனர், அவர் கற்றதை இன்று கேட்டு வருவோர் யாவர் என்பனவற்றை மாணவராகிய நாம் சென்று கேட்டுப் பதிதல் வேண்டும். கேட்க ஒருவன் வரும்வரை ஆசான் காத்திருக்கக்கூடும், காலம் காத்திராது. மகன் இல்லாத அண்ணாவியாருக்கும் வாரிசு உண்டு என்பதையே நாம் கண்ட வரலாறு கூறுகின்றது. அந்த வாரிசு அவருடைய வீட்டிலே பிறந்திருக்கவேண்டும் என்பதில்லை. அவருடைய முற்றத்துக்கு வந்து சேர்ந்தாற் போதும்.